வரலாறும் தொல்லியலும் சேர்ந்து படித்த முதல் ஆண்டு: எனக்கு யாரும் சொல்லாதவை

முதல் ஆண்டுத் தேர்வு முடிவு வந்துவிட்டது. வரலாறும் தொல்லியலும் இணைந்த இளங்கலைப் படிப்பு. தேறிவிட்டேன். ஆனால் அந்த ஆண்டில் பெரும்பகுதியைப் பயத்தோடும் வெட்கத்தோடும்தான் கழித்தேன். எங்கள் குடும்பத்தில் இந்தப் படிப்பின் பக்கம் யாரும் போனதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள சீனியர் என்று ஒருவரும் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது மற்ற எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆண்டுக் கடைசியில் பேசிப் பார்த்தபோது பாதிப் பேர் இதே நினைப்போடு இருந்திருக்கிறார்கள். இந்தப் படிப்பில் சேரப்போகும் ஒருவருக்காவது அந்த மாதங்கள் கொஞ்சம் லேசாகட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளியில் எனக்குப் பிடித்த பாடம் வரலாறு. அரசர் பெயர், போர் நடந்த ஆண்டு, யாருக்குப் பின் யார் என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். அந்தத் தைரியத்தோடு முதல் செமஸ்டரில் நுழைந்தேன். முதல் அசைன்மென்ட் சோழர் கால ஊராட்சி பற்றியது. உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொண்டு, குடவோலை முறையில் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், என்னென்ன வாரியங்கள் இருந்தன என்று பக்கம் பக்கமாக எழுதினேன். திரும்பி வந்தபோது தேறும் அளவுக்குக்கூட மதிப்பெண் இல்லை. ஓரத்தில் பென்சிலால் கேள்விகள் மட்டும் இருந்தன. இதை வெட்டச் சொன்னது யார்? இது விதியா, நடந்ததன் பதிவா? இந்த விதியின்படி உண்மையிலேயே நடந்தது என்பதற்கு வேறு என்ன சான்று? அன்று இரவு தூங்கவில்லை. எழுதிய தகவலில் எதுவும் பிழையில்லையே, பிறகு ஏன் இப்படி என்று கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தக் கேள்விகளின் பொருள் புரிய எனக்குப் பல வாரங்கள் ஆயின. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 919. மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. முதலாவதில் வாரியத்துக்கு வருபவர் 30 வயதுக்கு மேலும் 60 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டே ஆண்டில் அது 35, 70 என்று மாறிவிடுகிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வரக் கூடாது. இது பிராமணர் குடியிருப்பு ஒன்றின் சபை எடுத்த முடிவு. நாடு முழுவதற்குமான ஏற்பாடு என்று அந்தக் கல் எங்கும் சொல்லவில்லை. விதியை ஏன் இவ்வளவு சீக்கிரம் திருத்தினார்கள்? கணக்குக் காட்டாதவர் பற்றி இவ்வளவு விரிவாக எழுத வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. என்ன நடந்தது என்பதைவிட, நடந்ததாக நாம் சொல்வது எதை வைத்து என்பதுதான் மதிப்பெண்ணுக்குரிய கேள்வி. இதை முதல் வகுப்பிலேயே யாராவது இவ்வளவு நேராகச் சொல்லியிருந்தால் அந்த ஒரு செமஸ்டர் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

அதனால் சேரும் நாளிலிருந்தே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் வரும் ஒவ்வொரு மூலச் சான்றுக்கும், அது கல்வெட்டோ செப்பேடோ கடிதமோ பாட்டோ எதுவானாலும், யார் செய்தது, எப்போது, யாருக்காக, எந்த வகைப்பட்ட எழுத்து, எதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று குறிப்பேட்டில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். கடைசிக் கேள்விதான் எனக்கு அதிகம் உதவியது. கட்டுரையின் பாதி அந்தக் குறிப்பிலிருந்தே வந்துவிடும். ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். கல்வெட்டில் பெரும்பாலும் ஆட்சியாண்டுதான் இருக்கும். சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். ‘கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு’ என்று மட்டும் இருந்து அரசனின் இயற்பெயர் இல்லாவிட்டால், எந்தப் பரகேசரி என்பதை எழுத்தின் வடிவத்தையும் உள்ளே வரும் மற்ற பெயர்களையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். புத்தகத்தில் கி.பி. என்று அச்சாகியிருக்கும் எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு வாதம் இருக்கிறது என்று தெரிந்ததும், எண்களை மனப்பாடம் செய்வதில் எனக்கிருந்த பெருமை போய்விட்டது. இழப்பாகத்தான் இருந்தது. எனக்கு நன்றாக வந்த ஒரே வேலை அதுதான்.

வாசிப்புச் சுமை பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பட்டியல் வரும். எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்க முயன்றால் எந்த மனிதராலும் முடியாது. அப்படி வாசிக்க வேண்டும் என்று ஆசிரியர்களும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லவும் மாட்டார்கள். ஓர் ஆய்வு நூலை எடுத்தால் முன்னுரை, முடிவுரை, பொருளடக்கம் மூன்றையும் முதலில் பாருங்கள். நூலாசிரியர் யாரை மறுக்கிறார் என்பது முன்னுரையிலேயே தெரிந்துவிடும். பிறகு உங்கள் கேள்விக்கு வேண்டிய அதிகாரத்தை மட்டும் நிதானமாக, அடிக்குறிப்புகளோடு சேர்த்து வாசியுங்கள். வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அவர் சொல்வது என்ன, எதை வைத்துச் சொல்கிறார், எனக்கு எங்கே இடிக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள். பக்க எண்ணை அந்த நேரத்திலேயே குறித்துவிடுங்கள். கட்டுரை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் ஒரு மேற்கோளின் பக்க எண்ணைத் தேடி நூலகம் மூடும் வரை அலைந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் இன்னொரு கட்டுரையே எழுதியிருக்கலாம்.

தொல்லியல் பக்கம் வேறு வகையான அதிர்ச்சி. நிழற்படங்களில் பார்த்த புதையல், கோட்டை, எலும்புக்கூடு எல்லாம் மனதில் இருக்க, ஆய்வகத்தில் எங்கள் முன்னால் கொட்டியது பானை ஓடுகள். கழுவு, உலர்த்து, எண்ணு, எடை போடு, எண் எழுது. வாய்ப்பகுதி ஓடு, அடிப்பகுதி ஓடு, உடல் பகுதி ஓடு என்று பிரி. வாய்ப்பகுதி ஓட்டின் வளைவை அளந்து முழுப் பானையின் விட்டத்தைக் கணி. பிறகு வெட்டுமுகத்தோடு வரை. என் கைக்கு வரைபடம் வரவே வராது என்று முதலில் மனம் ஒடிந்துபோனேன். ஆனால் இது ஓவியத் திறமை கேட்கும் வேலையே இல்லை. விதிகள் தெரிந்து அளவெடுத்தால் யாருக்கும் வரும். நிறைய வரைய வரையக் கை பழகும். அதைத் தவிர வழி கிடையாது. ஆய்வகம் திறந்திருக்கும் கூடுதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டைக் கையில் எடுத்து, உடைந்த ஓரத்தில் களிமண்ணின் நிறத்தையும் அதில் கலந்திருக்கும் மணலையும் உமியையும் பார்த்துப் பழகியவருக்குத் தேர்வில் வரும் கேள்விகள் பாதி எளிதாகிவிடும்.

ஓடுகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டைப் பற்றி வாசித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் மத்தியதரைக் கடல் பக்கத்து ஆய்வுகளால் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தக் காலத்தைப் பிடித்துக்கொண்டு, அதே மண் அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அவர் காலம் சொன்னார். தென்னிந்தியாவில் பல இடங்களின் காலத்தைக் கணிக்க அது ஊன்றுகோலாக இருந்தது. உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளி அலங்காரம் கொண்ட ரௌலட்டட் பானையையும் அவர் வெளிநாட்டுத் தொடர்பால் வந்ததாகக் கருதினார். பின்னாளில் களிமண்ணைச் சோதித்தவர்கள் அது இந்தியத் துணைக்கண்டத்திலேயே செய்யப்பட்டது என்று காட்டினார்கள். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி அகழ்ந்தபோது அந்தத் துறைமுகத்தின் தொடக்கமே இன்னும் பழைய காலத்துக்குப் போனது; ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்திருக்கிறது. என் பழைய பாடநூலில் ‘ரோமானிய வணிக நிலையம்’ என்று ஒரு வரியில் முடிந்துபோன இடம் இது. வீலரின் முடிவு மாறியது, ஆனால் அவர் அடுக்கு வாரியாக எழுதி வைத்த பதிவு இருந்ததால்தான் பின்வந்தவர்களால் அதை மாற்ற முடிந்தது. பாடநூலில் வாசிக்கும் எந்த முடிவுக்கும் அது எந்த ஆண்டு ஆய்வின் முடிவு என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். பழைய நூலை ஒதுக்க வேண்டியதில்லை. அதில் இருக்கும் பதிவையும் அதிலிருந்து அவர் எட்டிய முடிவையும் வேறு வேறாக வாசித்தால் போதும்.

அறிவியல் பகுதி என்னை மிகவும் பயமுறுத்தியது. கணக்கு வேண்டாம் என்பதற்காகவே இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர். கார்பன் 14 காலக்கணிப்பு என்ற தலைப்பு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வில்லார்ட் லிபியும் அவருடைய குழுவினரும் 1949இல் வெளியிட்ட முறை அது. அதற்காக 1960இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உயிரோடு இருக்கும்வரை உடலுக்குள் வந்துகொண்டிருக்கும் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன், உயிர் போனதும் வருவது நின்று, இருப்பதும் சிதைந்துகொண்டே போகிறது. சுமார் 5730 ஆண்டுகளில் பாதியாகிறது. ஆனால் ஆய்வகங்கள் இன்றும் லிபி முதலில் பயன்படுத்திய 5568 என்ற எண்ணை வைத்துத்தான் மூலக் கணக்கைத் தருகின்றன. அளவுத்திருத்தம் செய்யும்போது அது சரிசெய்யப்படுகிறது. ‘இன்றைக்கு முன்’ என்று வரும் எண்ணில் ‘இன்று’ என்பது 1950. இந்த இரண்டும் தெரியாததால் நானும் என்னைப் போன்றவர்களும் நாள்கணக்கில் குழம்பினோம். சோதித்த ஒரே பொருளுக்கு இரண்டு நூல்களில் இரண்டு எண் இருந்தால், ஒன்று திருத்தப்படாத எண், மற்றது திருத்தப்பட்ட எண்ணா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் குழப்பம் அங்கேதான் இருக்கும்.

திருத்தம் ஏன் வேண்டும் என்றால், காற்றில் இருந்த கார்பன் 14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இல்லை. மர வளையங்களையும் மற்ற பதிவுகளையும் வைத்து ஒரு வளைகோடு போட்டிருக்கிறார்கள். அதன் மீது வைத்துத்தான் நாட்காட்டி ஆண்டைப் படிக்க வேண்டும். அந்த வளைகோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. அந்தப் பகுதியில் விழும் ஒரு மாதிரிக்கு (சோதனைக்கு எடுத்த பொருளுக்கு), அது எட்டாம் நூற்றாண்டா ஐந்தாம் நூற்றாண்டா என்று கார்பனை மட்டும் வைத்துக் குறுக்கிச் சொல்வது கடினம். தமிழ்நாட்டுத் தொல்லியலில் நாம் ஆர்வத்தோடு பேசும் காலம் சரியாக அங்கே விழுகிறது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்ற காலம் 2019இல் வெளியானபோது நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஆனால் இப்போது அந்த எண்ணைப் பார்க்கும்போது, அதைச் சுற்றியுள்ள கால இடைவெளியையும், அதே குழியின் மற்ற அடுக்குகளையும், பானை வகைகளையும், ஓடுகளில் கீறிய எழுத்துகளையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. செய்தியில் ஒற்றை எண்ணாக வருவது ஆய்வகத் தாளில் ஓர் இடைவெளியாகத்தான் இருக்கும். எதைச் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். கரியாகிப்போன நெல்மணி ஓராண்டு வாழ்ந்தது. அது தரும் காலம் அடுக்கின் காலத்துக்கு நெருக்கமானது. பெரிய மரத்தின் நடுப்பகுதிக் கரி, மரம் வெட்டப்படுவதற்கு நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தைக் காட்டிவிடலாம். தேர்வுக்கு இந்தத் தலைப்பில் சூத்திரத்தைவிட இந்தக் கேள்விகள்தான் அதிகம் கைகொடுத்தன.

இனி என் பணம் போன கதை. களப்பணி அனுபவம் இருந்தால்தான் மேற்கொண்டு வாய்ப்பு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததால், முதல் விடுமுறையிலேயே கட்டணம் கட்டி ஒரு களப் பயிற்சி முகாமில் சேர்ந்தேன். அதற்காகச் சேமிப்பில் இருந்ததை எடுத்து, போதாமல் கடனும் வாங்கினேன். விளம்பரத்தில் அகழாய்வு, அளவீடு, வரைபடம், கண்டெடுத்தவற்றைப் பராமரிப்பது என்று எல்லாம் இருந்தது. போய்ப் பார்த்தால் எங்கள் வேலை மண் கூடை சுமப்பதும் சலிப்பதும்தான். சலிப்பதிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் எந்த அடுக்கின் மண்ணைச் சலிக்கிறோம் என்றே எங்களுக்குச் சொல்லவில்லை. அடுக்குப் பதிவுத் தாளைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அதெல்லாம் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்றார்கள். வெயிலில் மயங்கி விழுந்த ஒரு மாணவிக்கு முதலுதவிப் பெட்டிகூட இல்லை. திரும்பி வந்த பிறகு எங்கள் துறை அந்தச் சான்றிதழைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. யார் மேற்பார்வையில் செய்தீர்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. விடுமுறையும் போயிற்று, பணமும் போயிற்று. வீட்டில் சொல்ல முடியாமல் நெடுநாள் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். இப்போதும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது. காசு போனதைவிட, கற்றுக்கொள்ள வந்தவர்களின் ஆசையை அப்படிப் பயன்படுத்திக்கொண்டதுதான் தாங்கவில்லை.

ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. அகழ்வுக்கு உரிமம் யார் பெயரில், எந்த அரசுத் துறை கொடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாத அகழ்வு குற்றம், அதில் கலந்துகொண்டவர் என்ற பெயரும் உங்களுக்கு வேண்டாம். இயக்குநர் யார், அவர் இதற்கு முன் அகழ்ந்த இடங்களின் அறிக்கை வெளியாகியிருக்கிறதா என்று நூலகத்தில் தேடுங்கள். அறிக்கை வெளியிடாதவரிடம் பயிற்சிக்குப் போகாதீர்கள். ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர், ஒவ்வொருவரும் பதிவுத் தாள் எழுதுவார்களா, வெட்டுமுகம் வரைவார்களா, உங்கள் பல்கலைக்கழகம் இந்தப் பயிற்சியை ஏற்குமா, காப்பீடு உண்டா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதையெல்லாம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல குழு இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும். போவதற்கு முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். துறையே நடத்தும் அகழாய்வு, அருங்காட்சியகத்தில் ஓடு வகைப்படுத்தும் வேலை, மேற்பரப்புக் கள ஆய்வு ஆகியவற்றில் செலவில்லாமலோ குறைந்த செலவிலோ சேர முடியும். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்யும் மாணவரைத்தான் ஆசிரியர்கள் களத்துக்கு அழைக்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்படித்தான் அடுத்த பருவத்தில் எங்கள் துறையின் அகழாய்வுக்கு எனக்கு அழைப்பு வந்தது. ஒரு குழியின் ஓரத்தில் சிறு பகுதியும் ஒரு பதிவுத் தாளும் கொடுத்தார்கள். மண்ணின் நிறம் மாறும் இடத்தில் நிறுத்து, கரணையால் ஒரே சீராகச் சுரண்டு, மண்ணை லேசாக நனைத்து மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு எண்ணை எழுது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிறம் பார்க்காதே என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். மேலே இருப்பது பின்னால் படிந்தது, கீழே இருப்பது முன்னால் படிந்தது என்ற நிக்கோலஸ் ஸ்டெனோவின் விதி 1669லிருந்து புத்தகத்தில் இருக்கிறது. குழியில் உட்காரும்போது அது அவ்வளவு எளிதாக இல்லை. பிற்காலத்தில் ஒருவர் குப்பைக் குழி தோண்டியிருந்தால், பின்னாளைய பொருள் முன்னாளைய அடுக்குக்கும் கீழே போய்க் கிடக்கும். எலி வளையும் வேரும் இன்னும் மோசம். எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் உருவாக்கிய அடுக்கு அட்டவணை எதற்கு என்று வகுப்பில் எனக்குப் புரியவே இல்லை. எந்தக் குழி எந்தத் தரையை வெட்டுகிறது, எந்தச் சுவர் எதன் மேல் நிற்கிறது என்று நானே கட்டம் கட்டமாகப் போட்டபோது ஒரே மாலையில் புரிந்தது. ஓர் அடுக்கில் காசு கிடைத்தால் அந்த அடுக்கு அந்தக் காசு அச்சான பிறகுதான் படிந்தது என்று மட்டுமே சொல்லலாம், அதே ஆண்டில் என்று சொல்ல முடியாது என்பதும் அங்கேதான் உறைத்தது.

தோண்டிய இடத்தை மறுபடி தோண்ட முடியாது. ட்ராய் நகரம் என்று கருதப்படும் ஹிசார்லிக் மேட்டில் 1870களில் ஹைன்ரிக் ஷ்லீமான் நடுவே பெரிய அகழி வெட்டி, மேல் அடுக்குகளை அகற்றிக்கொண்டே கீழே போனார். அடியில் கிடைத்த இரண்டாவது நகரத்தையே ஹோமர் பாடிய நகரம் என்று நம்பினார். அந்த நகரம் ட்ராய்ப் போருக்குச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தையது என்று பின்னால் தெரிந்தது. அவர் தேடிய காலத்து அடுக்குகளில் கணிசமான பகுதி அவர் அகற்றிய மண்ணோடு போய்விட்டது. முகாமில் நாங்கள் சலித்த அந்தப் பெயரில்லாத மண்ணை நினைத்து எனக்கு வரும் வருத்தம் இதனால்தான். களத்தில் பென்சிலால் எழுதுங்கள். மழையிலும் வியர்வையிலும் பேனா மை ஓடிவிடும். பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. அன்றைய குறிப்பை அன்றே முடியுங்கள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும். முழங்காலுக்கு அடியில் போட ஒரு தடித்த விரிப்பு எடுத்துப்போங்கள். முதல் வாரத்தில் முழங்கால் வலியால் அழுதவர்களில் நானும் ஒருத்தி.

ஆண்டின் கடைசியில் இரண்டு பாடங்களையும் சேர்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். எழுத்துச் சான்றும் மண்ணில் கிடைக்கும் சான்றும் ஒரே நிகழ்வைப் பற்றி என்ன சொல்கின்றன என்பது தலைப்பு. நான் எடுத்துக்கொண்டது பாம்பேயி, வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரம். கி.பி. 79இல் அது வெடித்ததை ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி கடிதத்தில் எழுதியிருக்கிறார். வழக்கமாக நாம் வாசிக்கும் பிரதியில் நாள் ஆகஸ்ட் 24. அகழ்ந்தவர்கள் நெடுநாளாகவே இலையுதிர்காலப் பழங்களையும், குளிருக்கு மூட்டும் தணலடுப்புகளையும் காட்டிச் சந்தேகம் எழுப்பிவந்தார்கள். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய குறிப்பு கிடைத்தது; அதிலுள்ள நாள் அக்டோபர் 17. ஆண்டு அதில் இல்லை. ஆனால் கரியால் எழுதியது சுவரில் நீண்ட காலம் நிற்காது என்பதால் அது வெடிப்பு நடந்த அதே ஆண்டுதான் என்று வாதிடுகிறார்கள். நான் முதல் வரைவில் இந்த இரண்டையும் எப்படியாவது பொருந்தச் செய்யப் படாத பாடு பட்டேன். வரலாற்று ஆசிரியர் கடிதத்தின் பிரதிகள் கையால் நகலெடுக்கப்பட்டு வந்தவை, அந்தப் பிரதிகளைப் பாருங்கள் என்றார். தொல்லியல் ஆசிரியர் பழங்கள் உலர்ந்தவையா புதியவையா பாருங்கள் என்றார். இருவரும் ஒருவருக்கொருவர் எதிராகப் பேசுவதாக நினைத்து வெகுநாள் தவித்தேன். படிப்பையே விட்டுவிடலாமா என்று நினைத்தது அந்தச் சமயத்தில்தான்.

கடைசியில் இரண்டையும் தனித்தனியாகவே எழுதினேன். முதலில் கடிதம்: எப்போது, யாருக்காக எழுதப்பட்டது, எப்படி நம் கைக்கு வந்தது, எதில் நம்பலாம். பிறகு மண்: எந்த அடுக்கு, எந்தப் பொருள், அதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை ஒத்துப்போகவில்லை என்றே எழுதி, எந்தப் பக்கம் என் சாய்வு, ஏன் என்று ஒரு பத்தியில் சொன்னேன். அந்த ஆண்டில் நான் வாங்கிய நல்ல மதிப்பெண் அதற்குத்தான். இரு பாடங்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். எழுத்தில் இருப்பதை நிரூபிப்பதற்காக மண்ணைத் தோண்டினால் ஷ்லீமானுக்கு நேர்ந்ததுதான் நேரும். ஓடுகளுக்கு மட்டும் காது கொடுத்து, இருக்கும் கல்வெட்டை வாசிக்காமல் விடுவதும் அதே அளவு நஷ்டம். இரண்டு சான்றுகளையும் அதனதன் வழியில் பேசவிட்டு, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சேரும்போதே தொடங்க வேண்டிய இன்னொன்று எழுத்து. மூலச் சான்றை மொழிபெயர்ப்பில் மட்டும் வாசித்துக்கொண்டு இரண்டாம் ஆண்டுக்கு மேல் போவது கடினம். உங்கள் ஆர்வம் எந்தக் காலம், எந்தப் பகுதி என்று இன்னும் முடிவாகாவிட்டாலும் ஒரு பழைய எழுத்து முறையைப் பழகத் தொடங்குங்கள். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தின் கல்வெட்டுகள் 1882இல் கண்டுபிடிக்கப்பட்டன. அவை தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் காட்டும் வரை நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அவற்றில் பாண்டிய அரசன் நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் இனங்கண்டது 1965இல். பெரிய அறிஞர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்ததை நமக்கு இன்று எழுத்து அட்டவணையாக அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். நான் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் தொடங்கி இப்போது வட்டெழுத்துக்கு வந்திருக்கிறேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், படியெடுத்த ஒரு கல்வெட்டில் ஒரு வரி. தனியாக உட்கார்ந்தால் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடத் தோன்றும், ஆகவே வகுப்பில் இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் புரியாமல்தான் இருக்கும். நேரே போய்க் கேளுங்கள், அவரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்பார்.